பன்னிமூக்கன் என்ன விலை

பாம்புதாண்ணே. நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். கேக்குன்னு ஒரு பொய் சொல்லிருந்தா நிம்மதியா ஓட்டிட்டு வந்திருப்பீங்க. என் மடியில இருக்கற டப்பாவும் கேக்கு டப்பா மாதிரிதான் இருக்கு.

டாக்ஸிய ஓரங்கட்ட வேணாம்ணே. பச்சை விழுந்துடுச்சு பாருங்க, பின்னாடி வண்டி நிக்குது. டப்பா மூடிய நாலு பக்கமும் டேப்பு போட்டு ஒட்டிருக்கு. உள்ள துணிப்பை, அதோட வாயில ஒரு முடிச்சு. அந்த முடிச்ச என்னாலயே அவுக்க முடியாது. கையில்லாத ஒரு ஜீவன் எப்படிண்ணே அவுக்கும்?

விஷமெல்லாம் இல்ல. கடிச்சா கொஞ்சம் வீங்குமாம், அதுவும் ரொம்ப நேரம் வாய வெச்சுட்டே இருந்தாத்தானாம். என் கைவிரல் நீளம்தான் இருக்குது. பன்னிமூக்குப் பாம்புன்னு பேரு, அமெரிக்காவுல மணல்ல இருக்கற ஜாதி. மூக்கு மேல தூக்கிட்டு இருக்கும், எங்க மாமியார் விருந்தாளி வந்தா மூஞ்சிய வெச்சுக்குவாங்களே, அந்த மாதிரி. கோவம் வந்தா கழுத்த விரிச்சு புஸ்ஸு புஸ்ஸுங்கும். அதுக்கும் மசியலைன்னா மல்லாக்கப் படுத்து நாக்கத் தொங்கவிட்டு செத்த மாதிரி நடிக்கும். கொஞ்ச நேரம் கண்டுக்காம விட்டா தானா எந்திரிச்சுப் போகும். இப்ப நீங்க இருக்கற இருப்பப் பாத்தா அதுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகும்னு தோணுது.

சிரிச்சீங்கள்ல. அப்படித்தான் இருக்கணும். எங்க ஊரு அமகாசாகி போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அந்த நாப்பத்திமூணாம் நம்பர் ரோட்டுல லாரி இல்லேன்னாலும் கூட்டம் இருக்கும். பேசிட்டே போவோம். முன்னால அட்டையில போட்டிருக்கே, ஓகுனோ, அதானே உங்க பேரு? நான் நோபுயே. ஸ்டேஷனுக்குப் பின்னாடி முட்டைக்கோஸ் அடைக் கடை வெச்சிருக்கேன். ஒருநாள் வாங்க, இறால் கொஞ்சம் கூடப் போட்டுத் தர்றேன்.

ரயில்ல போகலாம்தான். ஆனா விடமாட்டாங்களே. நாய் போகலாம், பூனை போகலாம், ஆமை கூடப் போகலாம், பாம்பு மட்டும் கூடாதாம். சட்டம். ஸ்டேஷன்ல இருக்கற பையன்கிட்ட போன வருஷம் கேட்டுப் பாத்தேன். அம்மா, நீங்க கேக்காம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இப்பத் தெரிஞ்சுபோச்சேன்னு தலையச் சொறிஞ்சான். உங்கள மாதிரிதான், அவனும் தெரிஞ்சுக்கிட்டு மாட்டிக்கிட்டான்.

ஆமா, அந்தப் பாம்பு பல்லி விக்கற எக்ஸ்போலருந்துதான் வர்றேன். துறைமுகத் தீவுல அந்தப் பெரிய ஹால் இருக்குல்ல, அங்க வருஷம் ஒருதரம் நவம்பர்ல நடக்கும். நூத்தம்பது மேஜைக்குக் குறையாது. மூடில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவா அடுக்கி வெச்சிருப்பாங்க, ஊறுகாய்க் கடை மாதிரி. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு சுருண்டு கிடக்கும். பல்லி, ஆமை, தவளை எல்லாம் உண்டு. ஆனா கூட்டம் பாம்புக்குத்தான். நீங்க பயந்து ஓரங்கட்டப் பாத்தீங்களே, அந்தப் பாம்பப் பாக்க இந்த ஊருல சின்னஞ்சிறு பொண்ணுங்கல்லாம் நகம் பூசிட்டு வந்து வரிசையில நிக்குதுங்க.

விலையா? அதக் கேளுங்க. அதச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. விலைச் சீட்டுல நாப்பத்தெட்டாயிரம் யென்னுன்னு போட்டிருந்தாரு, இத வித்த கடைக்காரரு.

விரல் நீளத்துக்குத்தான். அதையேதான் நானும் சொன்னேன்.

தோக்கியோக்காரங்க பேரமே பேச மாட்டாங்கண்ணே. சீட்டப் பாப்பாங்க, பர்ஸப் பாப்பாங்க, ஒண்ணு வாங்குவாங்க, இல்ல குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவாங்க. நம்ம பக்கம் அப்படியா. விலை கேக்கறதுங்கறது எத்தனை குறைப்பேன்னு கேக்கறதுதானே. ஆனா ஒண்ணு, பாம்புக்காரங்ககிட்ட பேரம் மீன்காரங்ககிட்ட பேசற மாதிரி இல்ல. மீனு சாயங்காலம் ஆனா நாறும், அவனுக்கு அவசரம். பாம்பு நாறாது. மறுபடி டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனாலும் மூணு மணிக்கு மேல ஒரு சோர்வு வரும் அவங்களுக்கு. காலையில ஆறு மணிக்கு வந்து மேஜை போட்டிருப்பாங்க, கால் வலிக்கும், பெட்டி தூக்கணுமேன்னு இருக்கும். அப்பத்தான் போகணும். நான் ரெண்டே முக்காலுக்கு உள்ள நுழைஞ்சேன்.

நேரா அவரு மேஜைக்குப் போகல. அப்படிப் போனா மதிக்க மாட்டாங்க. ரெண்டு வரிசை தள்ளி நின்னு வேற எதையோ பாக்கற மாதிரி பாத்தேன். அங்க ஒருத்தன் முப்பத்தஞ்சாயிரத்துக்கு இதே ஜாதி வெச்சிருந்தான்.

வாங்கிருக்கலாம். வாங்கல. இருங்க, வர்றேன்.

இந்தக் கடைக்காரரு பேரு தெராகாவா. வயசு அறுபது இருக்கும். அகாஷில ஒரு வீடு எடுத்து, வீடு முழுக்கப் பாம்பா வளத்து, குட்டி எடுத்து விக்கறாரு. நல்ல கை. அவருகிட்ட வாங்குன பாம்பு நோய் நொடின்னு படுக்காது. ஆனா வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி மனுஷன். கூவிக் கூப்பிடணுமே, வாங்க வாங்கன்னு சொல்லணுமே, அதெல்லாம் கிடையாது. நாற்காலியில உக்காந்து எதிர்ச் சுவத்தப் பாத்துட்டு இருப்பாரு. பக்கத்து மேஜையில பல்லி விக்கற பொண்ணுதான் பாவம், அவரு கடைக்கும் சேத்துக் கூவுது.

நான் போய் நின்னேன். நிமிந்து பாத்தாரு. வாங்க மேடம்னாரு. வருஷா வருஷம் அதே மேடம்.

இது என்ன விலைன்னேன். சீட்டுல போட்டிருக்குன்னாரு. சீட்டுல போட்டிருக்கறது சீட்டோட விலை, பாம்போட விலை என்னன்னேன். பல்லிக்காரப் பொண்ணு கைய வாயில வெச்சுச் சிரிக்குது. அவரு சிரிக்கல. நாப்பத்தாறுன்னாரு.

முப்பதுன்னேன்.

அவரு துணிய எடுத்து மேஜையத் துடைச்சாரு. சுத்தமாத்தான் இருந்துச்சு மேஜை.

நான் டப்பாவக் கையில எடுத்து வெளிச்சத்துல புடிச்சேன். மூக்கு கோணலா இருக்கேன்னேன். கோணல் இல்ல மேடம், மேல தூக்கி இருக்கும், அதான் அந்த ஜாதின்னாரு. அது எனக்குத் தெரியும், மேலயும் தூக்கிருக்கு, இடப்பக்கமாவும் போகுதுன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டி, துடைச்சு, மாட்டி, டப்பாவ வாங்கிப் பாத்தாரு. நிஜமாவே பாத்தாருண்ணே, ஒரு நிமிஷம். நான் சும்மா சொன்னத. நேராத்தான் இருக்குன்னு திருப்பிக் குடுத்தாரு. அந்த மாதிரி ஆளுகிட்ட பேரம் பேசறது சுவத்துல பந்து அடிக்கற மாதிரி, ஆனா சுவரு ஒருநாளும் பந்தத் தவறவிடாது.

அப்புறம் சட்டையப் பிடிச்சேன். கையால இல்லண்ணே, வாயாலதான். காலரு இஸ்திரி போடாம சுருட்டிட்டு இருந்துச்சு. நாப்பத்தாறாயிரத்துக்குப் பாம்பு விக்கறவரு சட்டை இப்படியா இருக்கும், இதப் பாத்தா ஜனங்க பாம்பும் இப்படித்தான் வளந்திருக்கும்னு நினைக்க மாட்டாங்களா, அதுக்கு ரெண்டாயிரம் குறைங்கன்னேன். கைய வெச்சு காலரத் தடவிப் பாத்தாரு. நாப்பத்திநாலுன்னாரு.

பாத்தீங்களா, ஒரு காலருக்கு ரெண்டாயிரம்.

நான் ரெண்டு வரிசை தள்ளி முப்பத்தஞ்சுன்னு சொன்னேன். அங்க வாங்குங்கன்னாரு. கோவமா இல்ல, நல்ல யோசனை சொல்ற மாதிரி. அவன் நல்ல பையன்தான், ஆனா அவனோட குட்டி இன்னும் எலியத் தானாத் திங்கல, எலி மேல தவளை வாசம் தடவித்தான் குடுக்கறான், நீங்க கேட்டு வாங்குங்கன்னாரு. அடுத்தவன் சரக்கப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை இல்ல, நடந்தது மட்டும். இந்த ஆளுக்கு வியாபாரமே தெரியல.

முப்பத்தெட்டு, கூட பத்து சுண்டெலின்னேன். உறைஞ்ச எலிதாண்ணே, பாக்கெட்டுல வரும். நம்ம ஃப்ரிட்ஜுல இறாலுக்குப் பக்கத்துல, தனி டப்பாவுலதான். பயப்படாம சாப்பிட வாங்க. அவரு நாப்பத்திரண்டு, அஞ்சு எலின்னாரு. நான் நடந்துட்டேன்.

ஆமா, விட்டுட்டு நடந்தேன். எட்டு அடி. ஒம்பதாவது அடியில கூப்பிடுவாங்க. தெராகாவா கூப்பிடல. பல்லிக்காரப் பொண்ணுதான், ஐயா போறாங்கய்யா, போறாங்கன்னு சொல்லுது. அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சு. வருவாங்கன்னாரு.

என்ன திமிரு பாருங்க. ஆனா குடையை அவரு மேஜையில வெச்சுட்டுப் போயிருந்தேன், திரும்பித்தான் ஆகணும்.

மறந்து வெச்சதுதான். சத்தியமா.

கடைசியில நாப்பதாயிரம், பத்து எலின்னு முடிஞ்சுது.

இந்தக் கணக்குப் போடுவீங்கன்னு தெரியும். மீட்டரப் பாக்கறீங்க. எட்டாயிரம் குறைச்சு வாங்கிட்டு, ஒம்பதாயிரம் டாக்ஸிக்குக் குடுக்கறா, பைத்தியக்காரின்னு. அந்தப் பையன்கிட்டயே வாங்கிருந்தா இன்னும் அஞ்சாயிரம் மிச்சம்னு. சரிதாண்ணே. என் கடையில உக்காந்து வெங்காயத்தாள் இலவசமான்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நான் கணக்கு சொல்லிக் குடுப்பேன். எனக்கே தெரியாதா.

ஆனா வாங்குனதோட முடியல. சட்டம் ஒண்ணு இருக்குல்ல, தெரியுமா? உசுருள்ளத விக்கறவங்க, வாங்கறவங்கள எதிர்ல உக்கார வெச்சு, பிராணியக் கண்ணுல காட்டி, பதினெட்டு விஷயம் சொல்லணும். எவ்வளவு பெருசா வளரும், எத்தனை வருஷம் இருக்கும், என்ன தின்னும், எவ்வளவு சூடு வேணும், எந்தத் தேதியில பொறந்துச்சு, அப்பன் ஆத்தாளுக்கு ஏதாவது சீக்கு உண்டா, எல்லாம். சொல்லிக் கேட்டேன்னு கையெழுத்து வாங்கணும். மத்தவங்க என்ன பண்ணுவாங்க, காகிதத்த நீட்டுவாங்க, இவங்க சர்ருன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. நான் போட மாட்டேன். வாயால சொல்லுங்கன்னுவேன். கண்ணு தெரியலைன்னுவேன்.

நல்லாத் தெரியும். அந்தப் போர்டுல நிஷினோமியா நாலு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. போதுமா?

அவரும் சட்டம்னா சட்டம்தான்னு ஒண்ணாம் நம்பர்லருந்து ஆரம்பிப்பாரு. நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி கேப்பேன். ஆயுசு பதினஞ்சு வருஷம்னாரு. எனக்கு இப்ப அம்பத்தஞ்சு, எழுபது வரைக்கும் இது கூட இருக்குமான்னேன். நல்லாப் பாத்தா இருக்கும்னாரு. எது, நானா அதுவான்னேன். பாம்ப ஒருதரம், என்ன ஒருதரம் பாத்தாரு. ரெண்டும்னாரு. சூடு எவ்வளவுன்னேன், முப்பது டிகிரி ஒரு மூலையில, இன்னொரு மூலையில குளிர்ச்சி வேணும், அது தனக்குப் பிடிச்ச இடத்துக்குத் தானா நகந்து போய்க்கும், நாம எடுத்து வைக்கக் கூடாதுன்னாரு. மெதுவாப் பேசுவாரு, ஒவ்வொரு வார்த்தையும் எடை போட்டு எடுத்து வைக்கற மாதிரி. இருபத்தாறு நிமிஷம். போன வருஷம் இருபத்திமூணுதான்.

பதினாலாவது விஷயம் சொல்லிட்டு இருக்கறப்பதாண்ணே, நடுவுல, அதே குரல்ல, அடுத்த வருஷம் நான் கடை போடல மேடம்னாரு.

என்னாச்சுன்னேன். கண்ணுல புரை விழுந்திருக்காம். குட்டிப் பாம்ப ஆணா பொண்ணான்னு பாத்து எழுதணும், அது ஊசிமுனை அளவு வித்தியாசம். ரெண்டு மூணு தப்பாயிருச்சாம் இந்த வருஷம். ஆணுன்னு சொல்லி வித்தது முட்டை போட்டுருச்சு. பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு, இனி விக்கறதுல்லன்னு முடிவு பண்ணிட்டாராம். இருக்கறத மட்டும் வெச்சுப் பாத்துக்கப் போறாராம். சொல்லிட்டு, பதினஞ்சாவதுன்னு காகிதத்தப் பாத்தாரு.

நம்ப மாட்டீங்கண்ணே, இவ்வளவு நேரமாக் கேட்டுட்டு வர்றீங்கள்ல. பதினஞ்சு, பதினாறு ரெண்டுக்கும் நான் ஒரு கேள்வி கேக்கல. அவரே நிமிந்து பாத்துட்டாரு, என்னடா சத்தத்தக் காணோமேன்னு. பதினேழ ஆரம்பிக்கறதுக்குள்ள சொன்னேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வாங்குனேனே, அந்தச் சிவப்பு சோளப் பாம்பு, மூணு வாரமா எலியத் தொட மாட்டேங்குதுன்னு.

காகிதம் மேஜைக்குப் போயிருச்சு. எத்தனை கிராம் இருக்கு, கடைசியா எப்பத் தோலு உரிச்சுது, முழுசா உரிச்சுதா, வாயத் தொறந்து வெச்சுக்குதா, மூக்குல சளி மாதிரி இருக்கா, தண்ணி குடிக்குதா, பெட்டியை இடம் மாத்துனியா, அடைக் கடைப் புகை மாடிக்கு ஏறுதான்னு ஒரே மூச்சுல கேக்கறாரு. மலைப்பாம்பா இருந்தா மாசக்கணக்குல சாப்பிடாது, அது சகஜம், யாரும் அலட்டிக்க மாட்டாங்க. சோளப் பாம்பு அப்படி இல்ல, குடுத்தா தின்னுட்டே இருக்கும். அது சாப்பிடலைன்னா ஏதோ இருக்கு. பல்லிக்காரப் பொண்ணு வாயப் பொளந்துட்டுப் பாக்குது, இந்த ஐயாவுக்கு இவ்வளவு பேச வருமான்னு.

நான் நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்னாரு. வியாழக்கிழமை மத்தியானம் வர்றேன்னாரு. எங்க கடைக்கு அன்னிக்குத்தான் லீவு.

அட்ரஸா? நான் குடுக்கலையே. எதுக்குண்ணே குடுக்கணும். இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டுலதானே இருந்தாரு.

ஆமாண்ணே. எங்க வீட்டுக்காரரா இருந்தவருதான். ரோட்டப் பாருங்க.

பிரிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. அப்ப மாடி ரூம்ல பதினாலு பாம்பு. நான் அந்த ரூம் கதவத் தொட்டதில்ல. அச்சுக் கூடத்துல வேலை முடிஞ்சு வருவாரு, சாப்பாடும்பாரு, குளியலும்பாரு, தூக்கம்பாரு, மாடிக்குப் போயிடுவாரு. ஒரு நாளைக்கு மூணு வார்த்தை. என்னக் கூப்பிடறதுன்னா ஓய்தான். ஒருநாள் ஆத்திரத்துல கேட்டுட்டேன், பாம்பா நானா, ஒண்ணச் சொல்லுன்னு. ஊர்ல எந்தப் பொம்பளை கேக்கல. உங்க வீட்டு அண்ணி கேட்டிருந்தா நீங்க உடனே சொல்லிருப்பீங்கள்ல? இவரு யோசிச்சாரு. மூணு நாள் யோசிச்சாரு. நாலாம் நாள், நீ சமாளிச்சுப்ப, அதுங்க சமாளிக்காதுன்னு சொல்லி, ஒரு வேன் பிடிச்சு பதினாலையும் ஏத்திட்டாரு. என்னப் பாராட்டினாருன்னு எனக்குப் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

எக்ஸ்போல கடை போடறாருன்னு கேள்விப்பட்டு முதல் வருஷம் நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னுதாண்ணே போனேன். போய் நின்னா, வாங்க மேடம்னாரு. எனக்கு வந்த கோவத்துல, இந்தப் பாம்பு என்ன விலைன்னுட்டேன். சட்டப்படி ஒண்ணாம் நம்பர்லருந்து சொல்ல ஆரம்பிச்சாரு. நான் அப்படியே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். இதோட சேத்து அஞ்சாச்சு வீட்டுல. அந்த மாடி ரூம்லதான் வெச்சிருக்கேன்.

முகோகாவா பாலம் தாண்டியாச்சா. அப்ப அடுத்த சிக்னல்ல இடப்பக்கம். நேராப் போயி, வெந்நீர்க் குளியல் கடைக்கு முன்னாடி இருக்கற சந்து. எங்க கடை வாசல்ல சிவப்புத் துணி தொங்குதுல்ல, அங்க நிறுத்துங்க.

எது, சோளப் பாம்பா? அதுக்கு ஒண்ணுமில்லண்ணே. போன செவ்வாக்கிழமை கூட ரெண்டு எலிய முழுங்கிட்டு மூணாவதுக்கு மூஞ்சியப் பாத்துச்சு. நாளன்னிக்கு அதுக்கு வேளை, வைக்காம மனசக் கல்லாக்கிக்கணும். வியாழக்கிழமை அவரு கையால குடுக்கறப்ப நல்லாப் பசியில இருக்கணும்ல.